வால்வு ரேடியோவுக்குள் செல்போன் பாட்டு: ஒயர் இழுப்பதற்கு முன்னும் பின்னும்

கடைசியில் ஹம் என்கிற உறுமல் இல்லாமல், ஷாக் இல்லாமல், பெட்டியில் புதிதாக ஒரு துளைகூடப் போடாமல், பழைய வால்வு ரேடியோவில் செல்போனிலிருந்து பாட்டு வந்துவிட்டது. செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். இந்த வேலையைப் பற்றி விசாரிக்கிறவர்கள் எல்லோரும் "எந்த இடத்தில் ஒயரைக் கொடுக்கணும்?" என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஒயர் கொடுப்பது கால் மணி நேர வேலை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவைதான் உண்மையான வேலை. அதைத் தாண்டிக் குதித்தால் செல்போன் போகும், சில செட்டுகளில் ஆளே போய்விடுவார்.

என் கையில் இருப்பது மரப்பெட்டி மேஜை ரேடியோ. மீடியம் வேவ் ஒன்று, ஷார்ட் வேவ் இரண்டு, எஃப்.எம். கிடையாது. வால்வுகள் ஈசிஎச்81, ஈஎஃப்89, ஈபிசி81, ஈஎல்84, ரெக்டிஃபையர் ஈஇசட்80, ஸ்டேஷன் சரியாகப் பிடித்ததைக் காட்டும் பச்சைக் கண்ணுக்கு ஈஎம்80. ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் வந்த செட்டுகளில் இந்த வரிசையை அடிக்கடி பார்க்கலாம். செட் நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் வீட்டைச் சுற்றி எல்.இ.டி. பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் என்று ஆகிவிட்ட பிறகு மீடியம் வேவில் பாதி இரைச்சல்தான். தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸைக் கூட ராத்திரி பக்கத்து வீட்டு விளக்குகள் அணைந்த பிறகுதான் நிம்மதியாகக் கேட்க முடிகிறது. இவ்வளவு நல்ல ஸ்பீக்கரும் அவுட்புட் வால்வும் சும்மா கிடக்க வேண்டாம் என்றுதான் இதில் இறங்கினேன்.

முதல் வேலை, பின் மூடியைக் கழற்றி மெயின் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்று பார்ப்பது. எங்கள் ஊர் பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவர் சொன்னது: "தம்பி, பின்னாடி கட்டி டிரான்ஸ்ஃபார்மர் இல்லேன்னா அந்த செட்டுல வெளியிலேர்ந்து ஒரு ஒயரும் கொடுக்காதே." இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. சில ஊர்களில், முக்கியமாகக் கல்கத்தாவில், டிசி மின்சாரமும் இருந்த காலம் அது. ஏசி, டிசி இரண்டிலும் ஓடட்டும் என்று டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத செட்டுகளையும் விற்றார்கள். அவற்றில் வால்வுப் பெயர்கள் 'யூ' என்று ஆரம்பிக்கும். யூசிஎச்81, யூபிஎஃப்89, யூசிஎல்82, யூஒய்85 என்று ஒரு செட்டை எடுத்துக்கொண்டால் வால்வைச் சூடாக்கும் ஃபிலமென்ட் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக, 19, 19, 50, 38 ஆக மொத்தம் 126 வோல்ட், 100 மில்லிஆம்பில் ஓடும். மிச்சமுள்ள நூற்றுச் சொச்சம் வோல்ட்டை ஆயிரம் ஓம் அளவுள்ள ஒரு பெரிய ரெசிஸ்டர் சூடாகி விழுங்கும். மெயினின் ஒரு முனை நேராக சேசிஸில், அதாவது எல்லாம் பொருத்தியிருக்கும் உலோகத் தட்டில். ரெண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸ் முழுக்க 230 வோல்ட். அதில் ஆடியோ ஜாக் வைத்து இயர்போன் ஒயரைச் செருகினால், கையில் இருக்கும் செல்போனின் உலோகச் சட்டத்தில் கரண்ட் நிற்கும்.

பார்வையை மட்டும் நம்ப வேண்டாம். பிளக்கை மெயினிலிருந்து உருவிவிட்டு, ரேடியோவின் ஸ்விட்சை ஆன் நிலையில் வைத்து, பிளக்கின் ஒவ்வொரு பின்னுக்கும் சேசிஸுக்கும் நடுவே மீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்துப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் செட் என்றால் இரண்டிலும் மெகா ஓம் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு பின்னில் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். என் செட்டில் 3 மெகா ஓம் காட்டியது. அது கொஞ்சம் குறைவு என்று பட்டதால் தேடினேன். மெயினிலிருந்து சேசிஸுக்கு ஒரு பழைய மெழுகுக் காகிதக் கண்டென்சர் போயிருந்தது, இரைச்சலைக் குறைக்கப் போட்டது. அதை வெட்டி எடுத்துவிட்டு, இந்த இடத்துக்கென்றே செய்த ஒய்2 வகைப் பாதுகாப்புக் கண்டென்சர் போட்டேன். மெயினுக்கும் சேசிஸுக்கும் நடுவே வேறு எந்த வகையும் போடக்கூடாது, 630 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் சரி. மெயின் ஒயரையும் மாற்றி மூன்று பின் பிளக் போட்டு, சேசிஸை எர்த் செய்துவிட்டேன்.

அடுத்தது உயிரூட்டுவது. நேராக மெயினில் செருகாமல், 60 வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்ட டெஸ்ட் போர்டு வழியாகத்தான் கொடுத்தேன். இந்த குண்டு பல்பு இப்போது கடைகளில் சீக்கிரம் கிடைப்பதில்லை, பார்த்தால் ரெண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், செட் பிழைத்துக்கொள்ளும். என்னுடையதில் மங்கலாக எரிந்து அப்படியே நின்றது. சரி என்று பல்பை எடுத்துவிட்டு நேர் மெயினில் போட்டு ஃபிலமென்ட் வோல்டேஜைப் பார்த்தால் 6.3க்குப் பதில் 6.9. பின்னால் உள்ள வோல்டேஜ் செலக்டர் 220இல் இருந்தது, என் வீட்டில் வருவதோ 240. செலக்டரை 245க்குத் திருப்பியதும் 6.2க்கு வந்தது. பத்து பைசா செலவில்லாத திருத்தம், ஆனால் எல்லா வால்வுக்கும் ஆயுள் கூடும்.

அப்புறம் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வான ஈஎல்84. இதன் கேத்தோடு ரெசிஸ்டர் 150 ஓம், அதன் மேல் 7.5 வோல்ட் வாக்கில் இருக்க வேண்டும். 10.8 வோல்ட் இருந்தது. 10.8ஐ 150ஆல் வகுத்தால் 72 மில்லிஆம்ப். இந்த வால்வு பிளேட்டில் 48 மில்லிஆம்பில் ஓட வேண்டியது, 12 வாட்டுக்கு மேல் தாங்காதது. இருட்டில் பார்த்தால் பிளேட்டின் ஓரம் செம்மை பூத்திருந்தது. காரணம் தேடி அலைய வேண்டியதில்லை, பழைய செட்டுகளில் இது எப்போதும் ஒரே இடம்தான்: ஈபிசி81இன் பிளேட்டிலிருந்து ஈஎல்84இன் கிரிட்டுக்கு வரும், ஒலியை மட்டும் விட்டு டிசியைத் தடுக்க வேண்டிய கப்ளிங் கண்டென்சர். ஈஎல்84ஐ உருவிவிட்டு, சாக்கெட்டின் 2ஆம் பின்னுக்கும் சேசிஸுக்கும் வோல்டேஜ் பார்த்தேன். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 5 வோல்ட். (உருவியபடி செட்டை நெடுநேரம் ஓட விடாதீர்கள், லோடு இல்லாமல் ஹெச்.டி., அதாவது வால்வுகளுக்குப் போகும் உயர் டிசி வோல்டேஜ், ஏறும். பார்த்ததும் அணைத்துவிட வேண்டும்.) புது 0.022 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலியெஸ்டர் போட்டேன். கேத்தோடில் 7.6 வோல்ட், அதாவது 50 மில்லிஆம்ப், ஸ்க்ரீன் கரண்டையும் சேர்த்து. பிளேட்டின் செம்மை போனது. இந்த ஒரு கண்டென்சரை மாற்றாமல் வெளிப்பாட்டைக் கொடுக்கும் ஆக்ஸ் ஜாக் மட்டும் வைத்துப் பாட்டு போட்டுக்கொண்டிருந்தால் சில மாதத்தில் வால்வும் போயிருக்கும், அதோடு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் எரிந்திருக்கும். வால்வாவது தேடினால் கிடைக்கும், நம் பாரத் எலக்ட்ரானிக்ஸ் பெங்களூரில் செய்த ஈஎல்84 இன்னும் பழைய ஸ்டாக்கில் வருகிறது, நல்ல வால்வு. அதே அளவில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டுமென்றால் சொல்லிச் சுற்ற வேண்டும்.

மெழுகுக் கண்டென்சர்கள் எல்லாவற்றையும் அப்போதே மாற்றினேன். ஃபில்டர் கண்டென்சரின் அலுமினியக் குழாயை அழகுக்கு மேலே விட்டுவிட்டு, கனெக்‌ஷனை மட்டும் துண்டித்து, அடியில் 47 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் இரண்டு. நிறையப் போட்டால் ஹம் குறையும் என்று 100, 220 என்று போகக்கூடாது. ஈஇசட்80க்கு முதல் கண்டென்சர் 50க்கு மேல் ஆகாது. கை வைக்கும் முன் ஒவ்வொரு முறையும் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் கிளிப்பில் பிடித்து சில விநாடி வைத்து, மீட்டரில் வோல்டேஜ் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் தொட்டேன்.

இனிதான் ஆடியோ.

என் செட்டின் பின்னால் கிராமஃபோன் தட்டுப் படம் போட்ட இரண்டு ஓட்டை சாக்கெட் இருந்தது. அந்தக் காலத்தில் ரெக்கார்டு பிளேயரின் கிரிஸ்டல் பிக்கப்பைச் செருகும் இடம். நாம் தேடும் இடமே அதுதான், வால்யூம் கண்ட்ரோலின் மேல் முனைக்குப் போகிறது. கிரிஸ்டல் பிக்கப் தந்தது சில நூறு மில்லிவோல்ட், செல்போனின் இயர்போன் முனை தருவதும் கிட்டத்தட்ட அதே. ஈஎல்84ஐ முழுதாக ஓட்ட கிரிட்டில் நாலே கால் வோல்ட் வேண்டும், ஈபிசி81 அதற்கு முன் 40, 50 மடங்கு பெருக்குகிறது, ஆக 100 மில்லிவோல்ட் கொடுத்தாலே ஸ்பீக்கர் அதிரும். ப்ரீஆம்ப் எதுவும் வேண்டாம். ஆக்ஸுக்கென்று தனி ஆம்ப்ளிஃபையர் போர்டு வாங்கி உள்ளே வைத்து வால்வை வெறும் விளக்காக எரியவிடுகிற வேலையும் சில இடங்களில் நடக்கிறது. என் மனசுக்கு அது ஒப்பவில்லை. ஒலி அந்த வால்வு வழியாக வரவேண்டும், அதற்காகத்தானே இத்தனை பாடு.

செல்போன் ஸ்டீரியோ, ரேடியோ மோனோ. இடது வலது ஒயர்களை ஒன்றாக முறுக்கிக் கட்டக்கூடாது, ஒரு சேனலின் அவுட்புட் இன்னொன்றை இழுக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு ரெசிஸ்டர் போட்டு அப்புறம் சேர்க்க வேண்டும். அங்கிருந்து 600 ஓமுக்கு 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர். டெலிஃபோன் மோடத்தில் இருக்கும் சின்னக் கட்டி, சென்னை ரிச்சி தெருவில் 80 ரூபாய்க்கு வாங்கினேன். செல்போனுக்கும் சேசிஸுக்கும் நடுவே உலோகத் தொடர்பே இல்லாமல் ஆக்குவதற்கு இது. முதலில் இது இல்லாமலும் ஓட்டிப் பார்த்தேன். செல்போன் பேட்டரியில் இருக்கும்வரை சுத்தமாக இருந்தது. எர்த் உள்ள சார்ஜரோடு லேப்டாப்பை மாட்டியதும் 'ங்' என்று ஹம் ஆரம்பித்தது, சார்ஜரைக் கழற்றியதும் நின்றது. டிரான்ஸ்ஃபார்மர் வந்ததும் சார்ஜர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வேறொரு பிரச்சினையைக் கொண்டுவந்தது, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இடது வலது கலக்க முதலில் போட்டது 4.7 கிலோ ஓம் இரண்டு, பல வரைபடங்களில் இருக்கும் மதிப்பு அது. நாதஸ்வரம் கணீர் என்று வந்தது, ஆனால் தவிலின் தொப்பிப் பக்கம் காணாமல் போனது. மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் தட்டுகிற மாதிரி. ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டு அதன் கோனைக் கையால் அமுக்கிப் பார்த்தேன், டோன் கண்ட்ரோலின் கண்டென்சரை மாற்றினேன், பலனில்லை. கடைசியில் செல்போனில் டோன் ஜெனரேட்டர் ஒன்றைப் போட்டு டிரான்ஸ்ஃபார்மரின் வெளிப்பக்கம் மீட்டரை வைத்ததும் புரிந்தது: 1 கிலோஹெர்ட்ஸில் 200 மில்லிவோல்ட் வந்தால், 100 ஹெர்ட்ஸில் 70தான். இந்தச் சின்ன டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றுக்கு இண்டக்டன்ஸ் குறைவு. அதற்கு முன்னால் பெரிய ரெசிஸ்டர் இருந்தால் கீழ்ஸ்தாயி முழுவதும் ரெசிஸ்டரிலேயே தங்கிவிடும். 4.7 கிலோவை எடுத்துவிட்டு 150 ஓம் இரண்டு போட்டேன். 100 ஹெர்ட்ஸிலும் 190க்கு மேல் வந்தது, தொப்பி திரும்பி வந்தது. 16, 32 ஓம் இயர்போனை ஓட்டுகிற செல்போனுக்கு 150 ஓம் ஒரு சுமையே இல்லை. வெளிப்பக்கம் 4.7 கிலோ ஒன்றைக் குறுக்கே போட்டேன், டிரான்ஸ்ஃபார்மர் லோடே இல்லாமல் தொங்கினால் மேல்ஸ்தாயி கூர்மையாகிவிடுகிறது. அதற்குப் பிறகு 0.1 மைக்ரோஃபாரட் 630 வோல்ட் கண்டென்சர் தொடரில், அதிலிருந்து பிக்கப் சாக்கெட். சில செட்டுகளில் வால்யூம் கண்ட்ரோலே, ரேடியோ அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் டிடெக்டரின் லோடு, அதன் மேல் டிசி நிற்கும். அது டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகாமல் இருக்கத்தான் கண்டென்சர்.

எல்லாவற்றையும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் அடக்கி, ஒரு பக்கம் 3.5 மில்லிமீட்டர் ஜாக், மறுபக்கம் பழைய சாக்கெட்டுக்குப் பொருந்தும் பனானா பின் இரண்டு. டப்பாவை உருவினால் ரேடியோ பழையபடி.

இங்கே ஒரு விஷயம் மிச்சமிருந்தது. என் செட்டின் பேண்ட் ஸ்விட்சில் கிராமஃபோனுக்கென்று தனி நிலை கிடையாது. பிக்கப் சாக்கெட் வால்யூம் கண்ட்ரோலோடு எப்போதும் இணைந்தே இருக்கிறது. ஆகவே பாட்டு மெதுவாகும் இடங்களில் அடியில் திருச்சி நிலையம் முணுமுணுத்தது. ஸ்டேஷன் இல்லாத இடத்துக்கு முள்ளை நகர்த்தி வைத்தால் போதும் என்பார்கள், அப்போது ஸ்டேஷனுக்குப் பதில் எல்.இ.டி. இரைச்சல் வரும். டிடெக்டரிலிருந்து வால்யூம் கண்ட்ரோலுக்கு வரும் ஒயரை மட்டும் கழற்றி, ஒரு சின்ன டாகிள் ஸ்விட்ச் வழியாகக் கொண்டுபோனேன்: ஒரு பக்கம் டிடெக்டர், மறுபக்கம் பிக்கப் சாக்கெட், நடு முனை வால்யூமுக்கு. ஸ்விட்சை ஒரு துண்டு அலுமினியத் தகட்டில் பொருத்தி, பின் மூடியைப் பிடிக்கும் பழைய ஸ்க்ரூவிலேயே மாட்டினேன். மரத்தில் துளை இல்லை.

ஸ்விட்சுக்குப் போன ஒயரில்தான் கடைசி ஹம் வந்தது. வால்யூம் கண்ட்ரோலின் முதுகிலேயே மெயின் ஸ்விட்ச் இருக்கிறது, 230 வோல்ட் ஒயர் இரண்டும் அதே இடத்துக்கு வருகின்றன. சாதாரண ஒயரை அதன் பக்கத்தில் கொண்டுபோனால் அரை மெகா ஓம் உள்ள இடத்தில் ஹம் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? ஷீல்டு ஒயர் போட்டு, சேசிஸின் ஓரத்தை ஒட்டியே கொண்டுபோய், ஷீல்டை வால்யூம் பக்கம் மட்டும் சேசிஸில் சேர்த்து, மறுமுனையை வெட்டி ஸ்லீவ் போட்டேன். ஃபிலமென்ட் ஒயரைக் கடக்க வேண்டிய ஒரே இடத்தில் குறுக்காகக் கடந்தது. வால்யூமை முழுதாக வைத்து, ஸ்பீக்கர் துணியில் காதை வைத்தால்தான் இப்போது ஏதோ கேட்கிறது.

செலவு: ஆடியோ பகுதிக்கு டிரான்ஸ்ஃபார்மர் 80, ஜாக் 15, ஸ்விட்ச் 25, ஷீல்டு ஒயர் ஒரு மீட்டர் 30, பனானா பின் 30, டப்பா 40, ரெசிஸ்டர் கண்டென்சர் எல்லாம் 20. ஆக 240 ரூபாய். செட்டைப் பத்திரமாக்கக் கண்டென்சர்கள், ஒய்2, மூன்று பின் ஒயர், ஃபியூஸ் எல்லாம் சேர்த்து 600 ரூபாயைத் தாண்டியது. அந்த விகிதம் சரியானதுதான்.

கேட்க எப்படி இருக்கிறது என்றால், எல்லாமே நன்றாக இருக்காது. புதுப் பாட்டுகளில் அடித்தளமாக வரும் சப்-பேஸை இந்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் தூக்காது, வால்யூம் ஏற்றினால் சின்ன டிரான்ஸ்ஃபார்மரும் திணறும், செல்போனை முக்கால் அளவுக்குமேல் வைக்காமல் ரேடியோவில் ஏற்றிக்கொள்வது நல்லது. ஆனால் 78 சுழற்சி இசைத்தட்டுக் காலத்துப் பதிவுகள் இதற்கென்றே செய்தவை. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை இயர்போனில் கேட்டால் மேலே ஒரு கீறல் சத்தம் போர்த்திக்கொண்டே இருக்கும். இதில் அந்தக் கீறல் அடங்கி, நாதஸ்வரத்தின் உடல் மட்டும் பெரிதாக முன்னால் வருகிறது. மோனோ பதிவு ஆனதால் இடது வலது சேர்ப்பதில் இழப்பதும் ஒன்றுமில்லை.

ஒயர் வேண்டாம் என்றால் பேட்டரியில் ஓடும் சின்ன ப்ளூடூத் ரிசீவர் ஒன்றை அதே டப்பாவில் செருகலாம், நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். அதை உள்ளே பொருத்தி ஃபிலமென்டின் 6.3 வோல்ட்டிலிருந்து கரண்ட் எடுக்க யோசித்தேன், விட்டுவிட்டேன். ஃபிலமென்டின் ஒரு முனை சேசிஸில் இருக்கும்போது பிரிட்ஜ் ரெக்டிஃபையரின் நெகட்டிவையும் சேசிஸில் கொடுத்தால் ஒரு டயோடு வழியாக ஷார்ட் ஆகும். அதைச் சமாளித்தாலும் மாட்யூலின் இரைச்சல் ஷார்ட் வேவுக்குள் ஏறும்.

பக்கத்துத் தெருவில் ஒரு நண்பரிடம் இருப்பது நான் முதலில் சொன்ன 'யூ' வகை செட். அவருக்கும் இதே டப்பா வேண்டும் என்றார், கொடுக்கவில்லை. 80 ரூபாய் டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷனை நம்பி மெயின் கரண்டுக்கும் ஒருவர் கைக்கும் நடுவே நிறுத்த என்னால் முடியாது. அதற்கு 230க்கு 230, 100 விஏ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் சொல்லிச் சுற்றக் கொடுத்திருக்கிறோம், 1,800 ரூபாய் சொன்னார்கள். அது வந்து, செட் அதன் வழியாக மட்டுமே ஓடும்படி ஆன பிறகு ஆடியோவைப் பார்க்கலாம்.

அடுத்த செட்டில் மாற்றிச் செய்யப் போவது: 600 ஓம் டிரான்ஸ்ஃபார்மரில் கொஞ்சம் பெரிய கட்டி வாங்குவேன். டாகிளில் இரண்டு ஜோடி முனை உள்ளதைப் போட்டு, ஆக்ஸில் இருக்கும்போது டிடெக்டர் முனையைச் சேசிஸில் கட்டிவிடுவேன், இப்போது மிக மெல்லிய கசிவு இருக்கிறது. என் செட்டின் பின் மூடிக்குள் ஒரு தாளை ஒட்டியிருக்கிறேன்: மாற்றிய கண்டென்சர்களின் மதிப்பு, ஸ்விட்ச் கனெக்‌ஷன், ஈஎல்84 கேத்தோடில் 7.6 வோல்ட், ஹெச்.டி. 255. அடுத்து யார் திறந்தாலும் எதை யார் செய்தது என்று தேட வேண்டியிருக்காது.